மணவறைக்குப் பின்னால் இரண்டு சப்பாத்துகள்

வீடியோக்காரர் நிற்கிற இடத்தில் மனிதர் மானக்கேடான காரியம் எதையும் செய்யக் கூடாது. வேறு இடத்தில் செய்தால் நாலு நாள் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். மூன்று கமெரா வைத்துப் பிடிக்கிற தமிழ்க் கலியாணத்தில் செய்தால் அது பரம்பரைச் சொத்து.

என் மாமா மகள் தர்சினியின் கலியாண வீடியோ மொத்தம் நாலு மணித்தியாலம். அதில் மாப்பிள்ளை தாலி கட்டுகிற கட்டத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். மணவறையின் இடது பக்கம், வாழை மரத்துக்கும் நிறைகுடத்துக்கும் நடுவில், தரையோடு தரையாக இரண்டு கறுப்புச் சப்பாத்துகள் தெரியும். முன்பக்கம் இரும்பு வைத்த, கட்டட வேலைக்குப் போடுகிற கனத்த சப்பாத்துகள். அவற்றுக்கு மேலே மாம்பழ நிறப் பட்டுச் சேலையின் கரை நாலு விரல் அகலத்துக்குத் தெரியும். அதற்கு மேலே எதுவும் தெரியாது. மிச்ச உடம்பு மணவறைக்குப் பின்னால் கிடக்கிறது.

அந்தச் சப்பாத்துகள் என்னுடையவை. உள்ளே இருந்த கால்களும் என்னுடையவைதான். இதை நானே ஒப்புக்கொள்வது நல்லது, ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் யாரையாவது கேட்டால் இன்னும் மோசமாகச் சொல்லுவார்கள்.

நான் சுவிசில், பேர்ண் நகரத்தில் பிறந்தவள். பதினாறு வயதில், கூடப் படித்த தமிழ்ப் பிள்ளைகள் வங்கி, பார்மசி, பல்கலைக்கழகம் என்று போனபோது, நான் காற்றோட்டக் குழாய் பூட்டுகிற தொழிலில் லேர செய்யப் போனேன். லேர என்றால் இங்கே நாலு நாள் வேலை, ஒரு நாள் பள்ளிக்கூடம் என்று போகிற தொழிற்பயிற்சி. தகரக் குழாய், விசிறி, வடிகட்டி, சூடாக்கி இவையெல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டு விட்டுவிட்டார். அப்பா அழவில்லை. அவர் அதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்தார். ஊர் முழுக்க நான் என்ஜினியரிங் படிப்பதாகச் சொல்லிவைத்தார்.

"ஏனப்பா பொய் சொல்லுறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொய் எங்கை சொன்னனான்? உன்ரை வேலைக்கு ஜெர்மனிலை இருக்கிற பேர் ஒரு முழ நீளம். அதைத் தமிழிலை எப்பிடிச் சொல்லுறது? காத்து வேலை எண்டோ? சனம் என்னெண்டு நினைக்கும்?"

(அப்பா ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் இருபத்தைந்து வருடமாகப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர். அதைச் சனத்துக்கு எப்படிச் சொல்லியிருந்தார் என்று நான் கேட்கவில்லை. 'ஹொஸ்பிற்றலிலை இருக்கிறன்' என்றுதான் சொல்லுவார். கேட்கிறவர்கள் தங்கள் விருப்பப்படி நினைத்துக்கொள்வார்கள்.)

எனக்கு அது உள்ளுக்குள் வலித்தது என்பதை இப்போது மறைக்காமல் சொல்கிறேன். இருபத்தொரு வயது. சான்றிதழ் கையில் வந்து ஆறு மாதம். ஒரே ஒரு முறை, நாலு பேருக்கு முன்னால், 'இவள் செய்த வேலை இது' என்று அப்பா வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசை.

அந்த ஆசைக்குத் தீனி போட மாமா வந்தார்.

மாமா, அம்மாவின் தம்பி, பேர்ணுக்கு வெளியே பழைய தச்சுப் பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, தமிழர் விழாக்களுக்கான மண்டபமாக மாற்றிக்கொண்டிருந்தார். அதில் முதல் கலியாணம் அவருடைய மகள் தர்சினியின் கலியாணம். முகூர்த்தம் தை மாதம். பஞ்சாங்கத்தில் தை நல்ல மாதம். சுவிசில் தை மாதம் என்றால் காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் ஏறலாம்.

மண்டபத்தின் நிலக்கீழ் அறையில் ஒரு கிழட்டுச் சூடாக்கி இருந்தது. எண்ணெய் எரித்துக் காற்றைச் சூடாக்கி, பெரிய விசிறியால் தகரக் குழாய்களுக்குள் தள்ளும். குழாய்கள் மேலே போய், கூரையில் இருக்கிற எட்டு வாய்களால் அந்தச் சூட்டை மண்டபத்துக்குள் ஊதும். ஐப்பசியில் சோதிக்க வந்த அதிகாரி எண்ணெய் எரிகிற பகுதியைப் பார்த்துவிட்டு, இனிமேல் இதைக் கொளுத்தக் கூடாது என்று கடதாசி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாமா எனக்குப் போன் அடித்தார்.

"பிள்ளை, உனக்கு உந்தக் காத்து வேலை தெரியும்தானே? தையிலை கலியாணம். முந்நூறு சனம் விறைச்சுப் போகும்."

"விசிறி நல்லா இருக்கோ மாமா?"

"விசிறி நல்லா ஊதுது. சூடுதான் இல்லை."

"அப்ப பிரச்சினை இல்லை. குழாய்க்குள்ளை கரண்ட் ஹீற்றர் ஒண்டு பூட்டலாம். அது சின்ன வேலை."

(எங்கள் தொழிலில் 'சின்ன வேலை' என்று யாராவது சொன்னால் மூத்தவர்கள் எழுந்து தூரப் போய் நிற்பார்கள். எனக்கு அது அப்போது தெரியாது.)

வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன். இதை அடித்துச் சொல்வேன். குழாய்க்குள் பூட்டுகிற ஹீற்றர் என்பது ஒரு தகரப் பெட்டி. உள்ளே நெளி நெளியாகக் கம்பிகள். விசிறி தள்ளுகிற காற்று அந்தக் கம்பிகளைத் தடவிக்கொண்டு போகும்போது சூடாகும். இதில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். காற்று போதிய வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கம்பி பழுத்துச் சிவந்துவிடும். அதனால் பெட்டியை வளைவுக்குப் பக்கத்தில் வைக்காமல், குழாய் நேராகப் போகிற இடம் பார்த்துப் பூட்டினேன். காற்றின் திசை காட்டும் அம்புக்குறியை மூன்று தரம் பார்த்தேன். காற்று ஓடவில்லை என்றால் ஹீற்றரை எரியவே விடாத ஒரு சின்னச் சுவிற்ச் இருக்கிறது, அதையும் பூட்டினேன். அதையும் மீறிச் சூடு ஏறினால் தானாக அணைத்துவிட்டு, ஆள் வந்து கையால் அமத்தும்வரை திரும்ப எரிய விடாத சிவப்புப் பொத்தானும் இருந்தது.

மின்சார இணைப்பை நான் தொடக் கூடாது, அதற்கு அனுமதி உள்ளவர் வேண்டும். என் முதலாளியின் நண்பர் ரூடி வந்தார். அறுபது வயது எலெக்ட்ரீசியன். ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் பேசினால் தொண்டை வலிக்கும் என்று நினைக்கிற மனிதர். வயர்களைப் பூட்டி, அளந்து, கையெழுத்து வைத்து, "குவெட்" என்றார். நல்லது என்று அர்த்தம். ரூடி வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

கூரையில் இருந்த எட்டு வாய்களிலும் காற்று வேகத்தை அளந்தேன். எல்லாம் திறம். கடைசி வாய்க்குக் கீழே தலைமயிரை அவிழ்த்துவிட்டு, சூட்டுக் காற்றில் அது பறக்க, நின்று ஒரு படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். (அந்தப் படத்தையும் குடும்பத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.)

மாமா மகிழ்ந்துபோனார். "கலியாணத்தண்டு மைக்கிலை சொல்லுறன் பிள்ளை, இந்தச் சூடு எங்கட சுகி போட்டது எண்டு" என்றார்.

அதை அப்பா கேட்டுவிட்டார்.

"மச்சான், அந்த வேலை வேண்டாம். மாப்பிள்ளை பகுதி லோசானிலை இருந்து வருகுது. அவைக்கு நான் இவளை என்ஜினியர் எண்டெல்லோ சொல்லியிருக்கிறன்." பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தணித்து, "பிள்ளை, ஒரு உதவி செய். உந்த நீல வேலை உடுப்போடை அவைக்கு முன்னாலை நிக்காதை. கலியாணத்தண்டு நீ பொம்பிளையின்ரை மச்சாள். சீலையைக் கட்டிக்கொண்டு கதிரையிலை இரு. சாமானைத் தொடாதை."

கெஞ்சிக் கேட்டார். கத்தியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். கெஞ்சினதால் "ஓம்" என்றுவிட்டேன்.

இனித்தான் என் புத்திசாலித்தனம் வருகிறது.

கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்க்க மண்டபத்துக்குப் போனேன். வாசலில் லோசான் கார்கள் இரண்டு நின்றன. மாப்பிள்ளையின் பெரியப்பாவும் ஆட்களும் மண்டபம் பார்க்க வந்திருந்தார்கள். நான் நீல உடுப்பில் நிற்கிறேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. கள்ளி மாதிரிப் பின்பக்கக் கதவால் நுழைந்து நேரே நிலக்கீழ் அறைக்கு இறங்கினேன். மேலே போகவே இல்லை.

கீழே விசிறி ஓடுகிறது, ஹீற்றர் எரியவில்லை. காற்று பார்க்கிற அந்தச் சின்னச் சுவிற்ச், 'காற்று போதாது, எரிய விடமாட்டேன்' என்று நிற்கிறது. தட்டிப் பார்த்தேன். ஒரு நிமிடம் எரிந்தது. பிறகு அணைந்தது. திரும்பத் தட்டினேன். திரும்பவும் அதே கதை.

ஒரு நல்ல தொழிலாளி அந்த நேரத்தில், 'காற்று ஏன் குறைந்தது?' என்று தன்னைத்தானே கேட்டு, மேலே போய்ப் பார்த்திருப்பாள். நான், 'போன கிழமை எட்டு வாயும் அளந்தேன், எல்லாம் திறம், ஆகவே என் வேலை சரி, சுவிற்ச்தான் பிழை' என்று முடிவு கட்டினேன். விரல் நீளக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்துச் சுவிற்சின் இரண்டு முனையையும் இணைத்துவிட்டேன். இப்போது சுவிற்ச் என்ன சொன்னாலும் ஹீற்றருக்குக் கேட்காது. ஹீற்றர் எரிந்தது. திங்கட்கிழமை புதுச் சுவிற்ச் போடலாம் என்று நினைத்துக்கொண்டு, வந்த வழியே பதுங்கிப் பதுங்கிப் போய்விட்டேன்.

(என்னிடம் இப்போது வேலை பழகுகிறவர்கள் யாராவது இதைச் செய்தால், அன்றைக்கே சாமான் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவேன்.)

கலியாண நாள். வெளியே மைனஸ் ஏழு. எட்டரைக்கு நாங்கள் போனபோது உள்ளே சனம் ஒருவரும் ஜக்கெற் கழற்றவில்லை. முந்நூறு பேரும் ஆயிரக்கணக்கில் செலவழித்த பட்டும் நகையும் தடித்த குளிர் அங்கிகளுக்குள் ஒளிந்திருந்தன. முகூர்த்தம் பத்து நாற்பதுக்கு.

மாமா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். "பிள்ளை, வெளியிலை எவ்வளவு?"

"மைனஸ் ஏழு மாமா."

"உள்ளை?"

"பிளஸ் மாமா."

மாமா என்னை முறைத்துப் பார்த்தார். நான் அப்பா பார்க்காத நேரமாகக் கீழே ஓடினேன். சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. சூடு அளவுக்கு மீறி ஏறி ஹீற்றர் தானாக அணைந்திருக்கிறது. அமத்தினேன். எரிந்தது. அப்பாடா என்று மேலே வந்தேன். ஐந்து நிமிடத்தில் கூரை வாய்களில் இருந்து தூசி கருகின மணம் லேசாக வந்தது, அதோடு சூடும் நின்றது. திரும்பவும் கீழே. அமத்தல். மேலே. திரும்பவும் கீழே. நிலக்கீழ் அறைப் படிகளில் பழைய எண்ணெய் வழுக்கல் இருந்ததால், ஒவ்வொரு முறையும் குதி உயர்ந்த செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே கிடந்த என் வேலைச் சப்பாத்தைப் போட வேண்டியிருந்தது.

மண்டபத்தின் கழிவறையும் அதே படிகளில்தான் இறங்க வேண்டும். மூன்றாவது முறை இறங்கும்போது ஒரு அன்ரி இன்னொரு அன்ரிக்குச் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"பாவம், என்ஜினியர் பிள்ளைக்கு வயித்துக் குத்துப் போலை."

மேடையில் நிலைமை இன்னும் மோசம். ஐயர் வெறும் மேலில் பூணூலும், அதற்கு மேல் யாரோ கொடுத்த சிவப்புப் பனிச்சறுக்கு ஜக்கெற்றுமாக மந்திரம் சொன்னார். மாப்பிள்ளை திருப்பிச் சொன்ன மந்திரத்தில் பாதியை அவருடைய பற்கள்தான் சொன்னன. ஓமகுண்டத்தில் சின்னதாக எரிந்த நெருப்பு ஒன்றுதான் அந்த மண்டபத்தில் சூடான பொருள். ஆசீர்வாதம் பண்ணுகிறோம் என்று மேடைக்கு ஏறின கிழவர்கள் இறங்க மறுத்தார்கள். கைகளை நெருப்புக்கு நீட்டியபடி, மிகுந்த பக்தியோடு நின்றார்கள்.

தர்சினி என்னைப் பார்த்தாள். நடுக்கத்தில் நெற்றிச்சுட்டி ஆடியது. சின்ன வயதில் இருந்து ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். 'செத்தாய் நீ' என்று கண்ணாலேயே சொன்னாள்.

அழுகை வந்துவிட்டது எனக்கு. ரூடியைத் தேடினேன். விருந்தாளியாக வந்திருந்தார். கழுத்துப்பட்டி கட்டி, ஒரு மூலையில், கையில் உழுந்து வடையோடு மிகச் சந்தோசமாக நின்றார். இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

ரூடி பெட்டியைத் திறந்தார். கம்பித் துண்டைக் கண்டார். என்னைப் பார்த்தார். மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைக் கழற்றி, தன் சேட்டுப் பையில் போட்டார். அந்த மௌனத்தில் நான் வாங்கினது என் லேர நாலு வருடத்திலும் வாங்காத ஏச்சு. பிறகு மின்சாரத்தைப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அமத்தினார். ஹீற்றர் எரியவில்லை. சுவிற்ச் மீண்டும், 'காற்று இல்லை' என்றது.

"லுஃப்ட்," என்றார் ரூடி. காற்று. மிச்ச வடையை வாயில் போட்டு மென்றுவிட்டு, ஜெர்மனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊதுகிற காற்று எங்கே இருந்து வருகிறது, சுகி?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

ஊதுகிற வாய் எட்டையும் நான் அளந்தேன். ஆனால் விசிறி ஊத வேண்டும் என்றால் முதலில் மண்டபத்திலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். அதற்குச் சுவரில் ஒரு பெரிய கம்பி வலை இருக்கிறது. இரண்டு மீற்றர் அகலம். மண்டபத்திலேயே மிக அழகான, நீளமான, நடுச் சுவரில், தரைக்குக் கொஞ்சம் மேலே. மேடை போட அதைவிடத் திறமான சுவர் கிடையாது. நான் படிகளில் பாய்ந்து ஏறினேன்.

மணவறை சோடித்த ராசன் அண்ணை அந்தச் சுவர் முழுவதையும் மெரூன் நிற வெல்வெற் துணியால் மூடியிருந்தார். முதல் நாள் நான் கீழே கம்பி இணைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பாதி மூடியிருக்கிறார். நான் போன பிறகு மிச்சப் பாதி. துணி நெளியாமல் இருக்க உள்ளுக்குப் பிளாஸ்ரிக் தாளும் கொடுத்து, ஓரமெல்லாம் ஆணி அடித்திருந்தார். அதற்கு முன்னால் தங்க நிற மணவறை. விசிறி பின்பக்கமிருந்து இழுக்கிற இழுவையில் வெல்வெற் சுவரோடு ஒட்டி, கம்பி வலையின் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

முதல் நாள் நான் முன்கதவால் வந்திருந்தால், பத்து செக்கனில் கண்டிருப்பேன்.

"ராசன் அண்ணை! உந்தத் துணியைக் கழட்டவேணும்!"

"தங்கச்சிக்கு என்ன விசரோ? பொம்பிளை கூறை மாத்திக்கொண்டு வரப்போறா. இப்ப மணவறையை அசைக்க ஏலுமோ? எனக்குத் தொழிலே போயிடும்."

"அசைக்க வேண்டாம். பின்னாலை துணியை மட்டும் வெட்டுறன்."

"வெட்டுறதோ! அது இந்தியாவிலை இருந்து இறக்கின துணி!"

நேரம் பத்து இருபத்தெட்டு. நான் கீழே ஓடிப்போய் என் வெட்டுக் கத்தியை எடுத்தேன். ரூடி சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். திரும்ப மேலே வந்தால், மேடைப் படியில் அப்பா.

என் சேலையைப் பார்த்தார். கையில் கத்தியைப் பார்த்தார். காலில் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு முதல் வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பார்த்தார்.

"பிள்ளை, நீ எனக்கு ஓமெண்டு சொன்னனி."

"அப்பா, காத்து வாற வழியை மூடிப்போட்டினம். நான் போய்த் திறக்கவேணும். என்ரை பிழைதான்."

"தாலி கட்டி முடியட்டும். பிறகு ஆரும் காணாமல் செய்."

"அதுக்குள்ளை அங்கை முன்னுக்கு இருக்கிற அம்மம்மாமாருக்கு என்னவும் நடந்தால்? அப்பா, இது என்ரை வேலை. நான் பூட்டினது."

அப்பா திரும்பவும் பெரியப்பாவின் பக்கம் பார்த்தார். வழி விடவில்லை. நான் அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். அந்த நாளில் நான் செய்த காரியங்களில் அதுதான் கடினமானது.

மணவறைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம்தான் இடைவெளி. குப்புறப் படுத்து, வாழை மரத்துக்குப் பக்கத்தால் ஊர்ந்து உள்ளே போனேன். நாதஸ்வரக்காரருக்கு என்ன தோன்றியதோ, அந்த நேரம் பார்த்து வேகம் கூட்டினார். துணியில் கத்தியை வைத்து ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு இழுத்தேன். வெல்வெற்றும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்து கிழிந்தன. அடைபட்டுக் கிடந்த விசிறி 'ஹூ' என்று மூச்சு இழுத்தது.

முதல் மூச்சிலேயே என் சேலைத் தலைப்பையும் இழுத்துக்கொண்டது.

இரண்டு முழப் பட்டும் கம்பி வலையில் போய்ப் பசை போட்டது போல ஒட்டியது. ஊசி குத்தியிருந்ததால் தோளும் அதோடு போனது. இப்போது வலையை மூடியிருப்பது வெல்வெற் இல்லை, நான். காற்றோட்டத்தைத் திறக்க வந்தவளே அடைப்பாகக் கிடக்கிறேன். படுத்தபடியே ஊசியைத் தேடினேன். மறு பக்கத்தில் தர்சினி கூறைச்சேலையில் வந்து உட்கார்ந்தது பலகை அசைந்ததில் தெரிந்தது. ஐயர் "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார். மேளம் இடித்தது. அதே செக்கனில் ஊசி கழன்றது. நான் தலைப்பைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே அமத்திக்கொண்டு, கம்பி வலைக்குக் கீழே தரையோடு ஒட்டிப் படுத்தேன். அசைந்தால் திரும்ப இழுத்துவிடும் என்ற பயம். கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது.

சனம் பூவும் அட்சதையும் எறிந்தது. வீடியோவில் இதை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறோம். அட்சதை ஒழுங்காகத் தம்பதிகள் மேல் விழுகிறது. ரோசாப் பூவிதழ்கள் மட்டும் பாதி வழியில் மனம் மாறி, இடது பக்கம் திரும்பி, மணவறைக்குப் பின்னால் வருகின்றன. விசிறி இழுக்கிற இழுவை. எல்லாம் என் தலையிலும் முதுகிலும் கொட்டின.

கீழே ரூடி பொத்தானை அமத்தியிருக்க வேண்டும். மேளம் ஓய்ந்த அந்த அமைதியில், எட்டு வாய்களில் இருந்தும் வெதுவெதுப்பான காற்று இறங்கியது. முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்கள். அந்த "ஆ" வீடியோவில் மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. தாலி கட்டினதற்கு அந்த அளவுக்குச் சத்தம் வரவில்லை.

அடுத்ததாகப் பதிவாகியிருப்பது, அட்சதை போட மேடைக்கு ஏறியிருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவின் குரல். ஐயரின் ஜக்கெற் கழுத்தில் குத்தியிருந்த மைக்கை யாரும் நிறுத்தவில்லை.

"ஐயோ, உதென்ன ரெண்டு கால்? கள்ளனோ?"

மண்டபம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. நான் மூச்சை அடக்கினேன். பிறகு இன்னொரு குரல், மைக்குக்கு மிகக் கிட்ட.

"கள்ளன் இல்லை. அது என்ரை மகள்." தொண்டையைச் செருமினார். "இந்தச் சூடு அவள் பூட்டினது. என்ஜினியர் இல்லை. காத்துக் குழாய் வேலை செய்யிறவள். நல்லாச் செய்வாள்."

மணவறைக்குப் பின்னால், ரோசா இதழ்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் அழுதேன். வெட்கத்திலா சந்தோசத்திலா என்று பிரித்துப் பார்க்க அப்போது வசதி இல்லை.

பெரியப்பா, "அப்ப சரி. எங்கட லோசான் வீட்டிலையும் ஒரு குழாய் சத்தம் போடுது, கேக்கவேணும்" என்றார். ஐயர், "இனி ஜக்கெற்றைக் கழட்டலாம் போலை" என்றார். அதுவும் மைக்கில்.

அப்பாதான் என்னை வெளியே எடுத்தார். இரண்டு சப்பாத்தையும் பிடித்து இழுத்தார். அந்தக் காட்சியை இரண்டு கமெராக்கள் இரண்டு கோணத்தில் பிடித்திருக்கின்றன.

ராசன் அண்ணை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. பாயாசம் வந்தபோதுதான் மனம் இளகினார். இப்போது எந்த மண்டபத்தில் மணவறை வைக்க முதலும் எனக்குப் போன் அடித்து, "தங்கச்சி, இஞ்சை காத்து எந்தச் சுவராலை போகுது?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் ஆணி அடிக்கிறார். ரூடி திங்கட்கிழமை காலை அந்தக் கம்பித் துண்டை என் கையில் தந்தார். அது என் சாமான் பெட்டியின் மூடிக்குள், திறக்கிற நேரமெல்லாம் கண்ணில் படுகிறபடி ஒட்டியிருக்கிறது. அப்பாவோ, என் தொலைபேசி எண்ணைப் பேர்ணில் உள்ள அத்தனை தமிழருக்கும் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கூட, "மகள் காத்து வேலை" என்கிறார். இதற்கு அந்தப் பழைய பொய்யே நிம்மதியாக இருந்தது என்று சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தோன்றும்.

குடும்பத்தில் யார் படம் எடுத்தாலும், "சுகியின்ரை கால் தெரியுதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் அமத்துவார்கள். தர்சினிக்கும் எனக்கும் ஏதும் வாக்குவாதம் வந்தால், "என்ரை பூவிலை பாதியை நீயெல்லோ வாங்கினனி" என்று முடித்துவிடுவாள்.

மூன்று வருடம் கழித்து, அதே மண்டபத்தில் எனக்குக் கலியாணம். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்க, பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டிய அப்பாவைக் காணவில்லை. அம்மா பதறிப்போய் வாசல், குசினி, கார் நிறுத்துமிடம் எல்லாம் ஆள் அனுப்பித் தேடினார். நான் மணவறையில் உட்கார்ந்தபடி தற்செயலாக இடது பக்கம் திரும்பினேன்.

வாழை மரத்துக்கும் நிறைகுடத்துக்கும் நடுவில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பட்டு வேட்டிக் கரை நாலு விரல் தெரிந்தது.

"அப்பா, அங்கை என்ன செய்யிறீங்கள்?"

"கையை வைச்சுப் பாக்கிறன் பிள்ளை," என்றது உள்ளேயிருந்து குரல். "நல்லா இழுக்குது. நீ திரும்பி நேரை இரு, வீடியோ எடுக்கிறாங்கள்."

அந்த வீடியோவும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அப்பா இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டுவார். இரண்டிலும் ஒரே இடத்தில் நிறுத்துவார்.